முழங்கை வலிக்கு ஊசி: ஆறு வாரக் கணக்கும் ஓராண்டுக் கணக்கும்

முழங்கையின் வெளிப்புற எலும்பு முனையில் தொடங்கி முன்கை வழியாக மணிக்கட்டை நோக்கி இறங்கும் வலிக்கு ‘டென்னிஸ் எல்போ’ என்று பெயர். டென்னிஸ் மட்டையைத் தொட்டே பார்த்திராத, விருதுநகர் மாவட்டத்துப் பரளச்சி வட்டாரத்துக் கைகளுக்கும் அது வருகிறது. மாதக்கணக்கில் நீடிக்கும் அந்த வலிக்கு ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொள்வதா, நோயாளியின் சொந்த ரத்தத்திலிருந்து தயாரித்து நகரத்து மருத்துவமனைகள் விளம்பரம் செய்யும் பிஆர்பி ஊசிக்குப் பணம் கட்டுவதா என்பது கூலிக்குப் போகும் குடும்பத்தின் சோற்றைத் தொடும் கேள்வி. ஊசி போட்ட ஆறாவது வாரத்தில் கேட்டால் அதற்கு ஒரு பதில் கிடைக்கிறது. ஓராண்டு கழித்துக் கேட்டால் நேர்மாறான பதில் கிடைக்கிறது. நோயாளிகளிடம் பெரும்பாலும் முதல் பதில் மட்டுமே சொல்லப்படுகிறது.

மட்டை பிடிக்காத கைகள்

இந்த வலியை மருத்துவ நூல்களில் முதலில் பதிந்தவர் ருங்கே என்ற ஜெர்மானிய மருத்துவர், ஆண்டு 1873. அவர் பார்த்தது பேனா பிடித்து எழுதியே கை நொந்தவர்களை. புல்தரை டென்னிஸ் இங்கிலாந்தில் பரவிய 1880களில்தான் விளையாட்டின் பெயர் இதனோடு ஒட்டிக்கொண்டது. நம் நாட்டில் இந்தப் பெயர் வீட்டுக்கு வீடு தெரிந்தது 2004இல், சச்சின் டெண்டுல்கர் இதே வலியால் ஆட்டங்களைத் தவறவிட்டபோது. 2005 மே மாதம் லண்டனில் அவருக்கு அறுவை சிகிச்சை நடந்தது.

ஆனால் நோயாளிகளில் பெரும்பாலோர் விளையாடுகிறவர்கள் இல்லை. பெரியவர்களில் நூற்றுக்கு ஒருவர் முதல் மூவர் வரை இந்த வலிக்கு ஆளாகிறார்கள். முப்பத்தைந்திலிருந்து ஐம்பத்தைந்து வயதுக்குள்தான் இது அதிகம் வருகிறது. ஒரு வீட்டில் உழைத்துச் சம்பாதிப்பவரின் வயதும் அதுதான்.

ஒரு பொருளை இறுக்கிப் பிடிக்கும்போது விரல்கள் மட்டும் வேலை செய்வதில்லை. மணிக்கட்டு உள்பக்கமாக மடிந்துவிடாதபடி முன்கையின் வெளிப்புறத் தசைகள் பின்னால் இழுத்து நிறுத்துகின்றன. அந்தத் தசைகள் ஒன்றுசேர்ந்து முழங்கையின் வெளிப்புற எலும்பில், ஒரு விரல் அகல இடத்தில் வந்து ஒட்டுகின்றன. எலும்போடு ஒட்டும் அந்தக் கயிற்றுக்குத் தசைநாண் என்று பெயர். நாள் முழுவதும் பிடித்து, ஓங்கி, முறுக்கி வேலை செய்பவருக்கு அத்தனை இழுப்பும் அந்த விரல் அகல இடத்தில்தான் விழுகிறது.

அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் சுற்றுப்பட்ட மானாவாரிச் சீமையில் இந்த இழுப்பு இல்லாத வேலை குறைவு. மழை ஏமாற்றிய ஆண்டுகளில் சீமைக்கருவேல விறகும் கரிமூட்டமும்தான் பல வீடுகளில் உலை வைக்கின்றன. முற்றிய கருவேலங்கட்டையில் அரிவாள் இறங்கும் ஒவ்வொரு முறையும் அதன் அதிர்வு பிடி வழியாக முழங்கைக்கு ஏறுகிறது. பருத்திக்காட்டில் களை வெட்டுதல், மிளகாய் பறித்தல், பால் கறத்தல், தறி வேலை, கொத்தனாரின் பூச்சு, பரோட்டாக் கடையில் மாவை அடித்து வீசுதல் என எல்லாமே மணிக்கட்டை நிறுத்திப் பிடித்துச் செய்யும் வேலைகள்.

வலியை அடையாளம் காண்பது எளிது. தண்ணீர்ச் செம்பை மேலிருந்து விளிம்பைப் பிடித்துத் தூக்கினால் முழங்கையில் சுரீரென்று இழுக்கும். உள்ளங்கை மேல்நோக்கி இருக்க, அடியில் ஏந்தித் தூக்கினால் அவ்வளவு வலிக்காது. ஈரத்துணி பிழிவதும் தோசைக்கல்லை அடுப்பிலிருந்து இறக்குவதும் முடியாமல் போகும். எக்ஸ்ரே எடுத்தால் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. அதனாலேயே வாயு என்றும் நரம்பு என்றும் எலும்புத் தேய்மானம் என்றும் ஆளுக்கொரு பெயர் சொல்லப்படுகிறது.

அழற்சி இல்லாத இடத்தில் அழற்சிக்கான மருந்து

ஸ்டீராய்டு மருந்து 1940களின் கடைசியில் முடக்குவாத நோயாளிகளுக்கு முதன்முதலாகக் கொடுக்கப்பட்டபோது படுக்கையில் கிடந்தவர்கள் எழுந்து நடந்தார்கள். அந்தக் கண்டுபிடிப்புக்கு 1950இல் நோபல் பரிசும் கிடைத்தது. வீங்கிச் சிவந்த மூட்டுக்குள் வேலை செய்த மருந்து வலிக்கிற எல்லா இடத்துக்கும் போனது. முழங்கைக்கும் அப்படித்தான் வந்தது.

டென்னிஸ் எல்போவும் ஓர் அழற்சி என்றே நெடுங்காலம் எண்ணப்பட்டது. அமெரிக்க எலும்பு மருத்துவர் நிர்ஷல், அறுவை சிகிச்சையில் எடுத்த திசுவை நுண்ணோக்கியில் ஆராய்ந்து 1979இல் வெளியிட்ட கட்டுரை அந்த எண்ணத்தை அசைத்தது. அழற்சிக்குரிய அணுக்கள் அங்கே அரிதாகவே இருந்தன. இருந்தவை இழை பிரிந்து ஒழுங்கு குலைந்த தசைநாணும், ஆற முயன்று பாதியில் நின்றதற்கான அடையாளங்களும். நைந்துபோன கயிற்றுக்கு வேண்டியது மெல்ல மெல்ல வலு ஏறுவது. அழற்சியை அடக்கும் மருந்தால் அந்த வலுவைக் கொடுக்க முடியாது.

இருந்தும் ஊசி வலியை அடக்குகிறது. அதைப் பொய் என்று யாரும் சொல்ல முடியாது. ஊசி போட்டவர்கள் சில நாளில் குடம் தூக்குகிறார்கள், வேலைக்குப் போகிறார்கள், மருத்துவரின் கைராசியைப் பற்றி ஊரில் சொல்கிறார்கள். சிக்கல் அதற்குப் பின்னால் வருகிறது.

ஆறாவது வாரமும் ஐம்பத்திரண்டாவது வாரமும்

நெதர்லாந்தில் 185 நோயாளிகளை மூன்று பிரிவாகப் பிரித்து நடத்திய ஆய்வு 2002இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. ஒரு பிரிவுக்கு ஸ்டீராய்டு ஊசி, இன்னொன்றுக்குப் பிசியோதெரபி, மூன்றாவது பிரிவினருக்கு ஆலோசனையும், தேவைப்பட்டால் வலி மாத்திரையும் கொடுத்துக் காத்திருக்கச் சொன்னார்கள்.

ஆறாவது வாரத்தில் ஊசிக்காரர்களில் 92 சதவீதம் பேர் நலமாக இருந்தார்கள். பிசியோதெரபி பிரிவில் 47 சதவீதம், காத்திருந்தவர்களில் 32 சதவீதம். அன்றோடு ஆய்வை முடித்திருந்தால் ஊசிக்கு ஈடில்லை என்று எழுதியிருப்பார்கள்.

ஐம்பத்திரண்டாவது வாரத்தில் மறுபடியும் பார்த்தார்கள். பிசியோதெரபி பிரிவில் 91 சதவீதம் பேர் நலம். சும்மா காத்திருந்தவர்களில் 83 சதவீதம் பேர் நலம். ஊசி போட்டவர்களில் 69 சதவீதம்தான். எதுவும் பெரிதாகச் செய்யாமல் இருந்தவர்களுக்கும் பின்னால் போய்விட்டார்கள்.

ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் 198 பேரிடம் நடந்து 2006இல் வெளியான ஆய்விலும் இதே கதைதான். ஊசிப் பிரிவில் 65 பேர். அவர்களில் 47 பேருக்கு, குறைந்திருந்த வலி மீண்டும் திரும்பியது.

ஊசி போட்டவர்கள் நம்பிக்கையால் முதலில் தேறியிருக்கலாமே என்ற ஐயத்துக்கும் விடை உண்டு. 2013இல் வெளியான மற்றோர் ஆஸ்திரேலிய ஆய்வில் 165 பேருக்கும் ஊசிதான். சிலருக்கு ஸ்டீராய்டு, சிலருக்கு வெறும் உப்புநீர். தனக்கு எது போடப்பட்டது என்று நோயாளிக்குத் தெரியாது. ஓராண்டு முடிவில் உப்புநீர் பெற்றவர்களில் 96 சதவீதம் பேர் முழுமையாகவோ பெருமளவிலோ குணமாகியிருந்தார்கள். ஸ்டீராய்டு பெற்றவர்களில் 83 சதவீதம் பேர். வலி திரும்பியவர்கள் உப்புநீர்ப் பிரிவில் 12 சதவீதம், ஸ்டீராய்டுப் பிரிவில் 54 சதவீதம். ஸ்டீராய்டு போட்டவர்களுக்குப் பிசியோதெரபியையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். ஓராண்டு முடிவு அதனாலும் சீராகவில்லை.

இதற்கு இரண்டு காரணங்கள் சொல்லப்படுகின்றன. ஸ்டீராய்டு தசைநாணின் உயிரணுக்களை நலிவித்துப் புது இழை உருவாவதைத் தடுக்கிறது என்று ஆய்வகச் சோதனைகள் காட்டுகின்றன. மற்றது, வலி போன கை ஆறாமலே பழைய பாரத்தைத் தூக்குகிறது. கூலி உழைப்பாளி விஷயத்தில் இரண்டாவது காரணத்துக்குக் கூடுதல் எடை கொடுக்க வேண்டும். வலி நின்ற மறுநாளே அவர் மறுபடியும் கருவேலங்காட்டில் நிற்பார். அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவரின் கையைவிட அவர் கை அந்த ஆறு வாரத்தில் பல மடங்கு இழுபடும். இந்த ஆய்வுகள் நடந்த நாடுகளில் இதே அளவு இருந்திருக்குமா என்று தெரியாத சுமை இது.

சொந்த ரத்தத்தில் செய்த ஊசி

ஸ்டீராய்டு மேல் இருந்த நம்பிக்கை தளர்ந்த இடத்தில் பிஆர்பி வந்து அமர்ந்தது. நோயாளியின் ரத்தத்தைக் கொஞ்சம் எடுத்து, இயந்திரத்தில் வேகமாகச் சுழற்றி, தட்டணுக்கள் செறிந்த பிளாஸ்மாவைப் பிரித்து, வலிக்கும் இடத்தில் செலுத்துவார்கள். தட்டணுக்களில் காயம் ஆற்றும் பொருட்கள் இருப்பதால் நைந்த தசைநாண் ஆறும் என்பது எதிர்பார்ப்பு. சொந்த ரத்தம், பக்கவிளைவு இல்லை என்ற பேச்சு எவரையும் இழுக்கும். ஓர் ஊசிக்குப் பல ஆயிரம் ரூபாய் ஆகிறது.

இதன் புகழுக்கு அடித்தளம் போட்டவற்றுள் ஒன்று, நெதர்லாந்தில் நூறு பேரிடம் நடந்து 2010இல் வெளியான ஆய்வு. ஓராண்டு முடிவில் பிஆர்பி பெற்றவர்களில் 73 சதவீதம் பேருக்கு வெற்றி. ஸ்டீராய்டு பெற்றவர்களில் 49 சதவீதம் பேருக்கு. இந்த எண்களில் பொய் இல்லை. ஆனால் பிஆர்பி யாரோடு ஓடி ஜெயித்தது என்று பார்க்க வேண்டும். ஓராண்டு ஓட்டத்தில் ஸ்டீராய்டு, சும்மா இருந்தவர்களிடமே தோற்ற ஓட்டக்காரர். அவரை முந்தியதை வைத்து வேகத்தைக் கணக்கிட முடியாது.

உப்புநீர் ஊசியோடு நிறுத்திப் பார்த்தபோது படம் மாறியது. பின்லாந்தில் 119 பேரிடம் நடந்து 2020இல் வெளியான ஆய்வில் பிஆர்பி, பிரிக்காத சொந்த ரத்தம், உப்புநீர் மூன்றுக்கும் ஓராண்டில் வேறுபாடே இல்லை. 2021இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 32 ஆய்வுகளையும் அவற்றில் இருந்த 2,337 நோயாளிகளையும் ஒருசேர அலசியது. வலியைக் குறைப்பதிலோ கையின் செயல்திறனைக் கூட்டுவதிலோ பிஆர்பியும் சொந்த ரத்த ஊசியும் பொருட்படுத்தத்தக்க பயனைத் தரவில்லை என்பது அதன் முடிவு.

உப்புநீர் போட்டவர்களும் ஏன் தேறுகிறார்கள்? இந்த வலியின் இயல்பே அது. பத்துப் பேரில் எட்டு ஒன்பது பேருக்கு ஏறக்குறைய ஓராண்டுக்குள் தானாகவே தணிந்துவிடுகிறது. வலி உச்சத்தில் இருக்கும்போது போடும் ஊசிக்கு, பிறகு வரும் இயல்பான தணிவும் வரவில் எழுதப்படுகிறது. கோடை முடியும் நேரத்தில் பூசை போட்டவர் மழை தன் பூசையால்தான் வந்தது என்று சொல்லிக்கொள்வதைப் போன்றது இது. உப்புநீரோடு ஒப்பிடாத எந்தப் புது ஊசியையும் இந்த வலியில் நம்பக் கூடாது.

மற்ற ஊசிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். குளுக்கோஸ் கரைசல், ஹையலூரானிக் அமிலம் இரண்டுக்கும் சிறு ஆய்வுகளே உள்ளன. அவற்றை வைத்து யாருக்கும் பரிந்துரைக்க முடியாது. போட்யூலினம் நச்சு ஊசி வலியைக் குறைக்கிறது என்று 2005இல் ஹாங்காங் ஆய்வொன்று காட்டியது. கூடவே சிலருக்கு விரல்களை நீட்டும் வலு குறைந்தது. அரிவாளும் தறியும் பிடிக்கும் கைக்கு அது ஆகாது.

ஊசி விட்டுச்செல்பவை

ஸ்டீராய்டு ஊசி போட்ட இடத்தில் தோல் வெளுக்கலாம். அடியில் உள்ள கொழுப்பு கரைந்து குழி விழலாம். கறுத்த தோலில் அந்த வெள்ளைத் திட்டு பளிச்சென்று தெரியும். அதை வெண்குஷ்டம் என்று எண்ணிக் கலங்குகிறவர்கள் உண்டு. திரும்பத் திரும்பப் போட்டால் தசைநாண் அறுந்துபோகும் ஆபத்தும் இருக்கிறது.

சர்க்கரை நோயாளிகளுக்கு ஊசிக்குப் பிறகு சில நாட்கள் ரத்தச் சர்க்கரை ஏறும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2023 ஆய்வின்படி தமிழ்நாட்டில் பெரியவர்களில் நூற்றுக்குப் பதினான்கு பேர் சர்க்கரை நோயாளிகள். தனக்கு அந்த நோய் இருப்பது தெரியாமலே ஊசிக்குக் கை நீட்டுகிறவர்களும் இருப்பார்கள். சர்க்கரை பார்க்காமல் ஸ்டீராய்டு ஊசி போடுவது மன்னிக்கத்தக்க கவனக்குறைவு ஆகாது.

இவையெல்லாம் ஸ்டீராய்டு ஊசியே கூடாது என்பதற்கான வாதங்கள் இல்லை. விரல் மடிந்து சொடுக்கி நிற்கும் ‘ட்ரிகர் ஃபிங்கர்’ போன்ற தொல்லைகளுக்கு அது நல்ல மருந்து. ஒரே மருந்து ஓரிடத்தில் ஆற்றுகிறது, மற்றோரிடத்தில் ஆறுவதைத் தள்ளிப்போடுகிறது. எங்கே வலித்தாலும் ஒரே ஊசி என்ற பழக்கம்தான் தவறு.

ஓய்வுக்கு யார் கூலி கொடுப்பது?

‘ஒரு ஊசி போட்டு விடுங்க டாக்டர், நாளைக்கு வேலைக்குப் போகணும்’ என்று கேட்பவரைக் குறை சொல்வது எளிது. பிசியோதெரபிக்குப் பரளச்சியிலிருந்து அருப்புக்கோட்டைக்கோ விருதுநகருக்கோ பஸ் ஏறினால் அன்றைய கூலி போயிற்று. வாரம் இரண்டு முறை என்றால் இரண்டு நாள் கூலி. ஊசிக்கு ஒரு நாள் போதும். ஆறு வாரம் கழித்து வரப்போகும் வலியைவிட இந்த வாரத்து ரேஷனும் வட்டியும் அவருக்கு அருகில் நிற்கின்றன. ஊசியைத் தேர்ந்தெடுப்பது அவருடைய அறியாமை இல்லை; அவர் முன்னால் வேறு வழி வைக்கப்படவில்லை.

ஆனால் ஆய்வுகளில் நல்ல பலன் தந்த பிசியோதெரபியின் உயிரான பகுதி இயந்திரத்தில் இல்லை. அது உடற்பயிற்சி. ஒருமுறை சரியாகக் கற்றுக்கொண்டால் வீட்டுத் திண்ணையில் செய்யலாம்.

முன்கையைத் திண்ணையிலோ மேசையிலோ படுக்கவைத்து, மணிக்கட்டு விளிம்புக்கு வெளியே நிற்க, உள்ளங்கை தரையைப் பார்த்தபடி அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொள்ள வேண்டும். மற்றக் கையின் உதவியால் மணிக்கட்டை மேலே உயர்த்தி, பிறகு உதவியை எடுத்துவிட்டு, மனத்துக்குள் ஐந்து எண்ணும் வரை மெதுவாகக் கீழே இறக்க வேண்டும். பத்துப் பதினைந்து முறை, சற்று ஓய்வு, மறுபடியும். பாட்டிலில் முதலில் கொஞ்சம் தண்ணீர்; வலி தாங்கும் அளவுக்கு வாரந்தோறும் கூட்டிக்கொண்டே போகலாம். லேசான வலி இருந்தால் பயமில்லை. மறுநாள் காலை வரை வலி நீடித்தால் தண்ணீரைக் குறைக்க வேண்டும். எட்டு முதல் பன்னிரண்டு வாரம் விடாமல் செய்ய வேண்டும்.

முழு ஓய்வு தேவையில்லை. வேலையின் விதத்தை மாற்றினாலே இழுப்பு குறையும். அரிவாள் பிடியில் பழைய சைக்கிள் ட்யூபைச் சுற்றித் தடிமனாக்கலாம். சாணை பிடித்த அரிவாளுக்கு வெட்டு எண்ணிக்கை குறையும். சுமையை உள்ளங்கை மேல்நோக்க ஏந்தித் தூக்கலாம். முழங்கைக்குக் கீழே கட்டும் பட்டை சிலருக்கு வேலை நேரத்தில் வலியை மட்டுப்படுத்தும்.

எல்லா முழங்கை வலியும் இந்த வலி அல்ல. காய்ச்சலோடு வீங்கிச் சிவந்தாலும், விரல்கள் மரத்தாலும், கழுத்திலிருந்து வலி இறங்கினாலும், காலையில் இரு கை மூட்டுகளும் இறுகிக் கிடந்தாலும் மருத்துவரிடம் உடனே காட்ட வேண்டும்.

செய்யக்கூடியவை

2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடிச் செல்லும் பிசியோதெரபியும் இடம்பெற்றிருக்கிறது. அது பெரும்பாலும் படுத்த படுக்கையானவர்களுக்கானது என்ற எண்ணம் உள்ளது. உழைக்கும் வயதினரின் கை வலியையும் அதில் சேர்க்க வேண்டும். ஒவ்வொருவர் வீட்டுக்கும் போக வேண்டியதில்லை. ஊராட்சி அலுவலகத் திண்ணையில் மாதம் இருமுறை, வேலைக்குப் போகும் முன் காலை நேரத்தில், பாட்டில் பயிற்சியைப் பத்துப் பேருக்கு ஒன்றாகக் கற்றுக்கொடுக்கலாம்.

விருதுநகரில் 2022 ஜனவரி முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கருவேலம் வெட்டுவோர், தறிக்காரர்கள், களை எடுக்கும் பெண்கள் ஆகியோரின் கைகளை ஓராண்டு தொடர்ந்து பார்க்கும் ஆய்வை அதன் எலும்பு முறிவு, சமூக மருத்துவத் துறைகள் எடுத்துக்கொள்ளலாம். நெதர்லாந்துக் கணக்கு இந்த மண்ணில் அப்படியே பொருந்துகிறதா என்பது அப்போது தெரியும்.

ஊரக வேலைத் திட்டப் பணித்தளங்களில் மருத்துவர் சீட்டு கொண்டுவருபவருக்கு மண்வெட்டிக்குப் பதிலாகத் தண்ணீர் கொடுக்கும் வேலையோ குழந்தை பார்க்கும் வேலையோ மூன்று மாதம் ஒதுக்கலாம். கூலி குறையாமல் கிடைக்கும் ஓய்வு அதுதான்.

ஊசி போடும் முன் மருத்துவர் இரண்டு கணக்கையும் சொல்ல வேண்டும்: ஆறு வாரத்தில் எப்படி, ஓராண்டில் எப்படி. மகள் கல்யாணமோ அறுவடையோ நெருங்கி, இப்போதைக்கு வலி குறைந்தால் போதும் என்று தெரிந்தே ஒருவர் கேட்டால், சர்க்கரை பார்த்துவிட்டு ஒரே ஒரு ஊசி போடுவதில் தவறில்லை. அதற்குப் பிறகான வாரங்களில் கை ஆறவில்லை, வலிதான் தெரியவில்லை என்பதையும் அவருக்குப் புரியும்படி சொல்லியாக வேண்டும். பிஆர்பி விற்பவரிடம் நோயாளி கேட்க வேண்டியது ஒன்றுதான்: உப்புநீர் ஊசியைவிட இது எவ்வளவு மேல்?

போட்ட ஒவ்வொரு ஊசியின் மருந்துப் பெயரும் தேதியும் எந்தக் கை என்பதும் நோயாளியின் நோட்டில் எழுதப்பட வேண்டும். வலி திரும்பி, இரண்டாவது ஊசிக்காக வேறு ஊர் மருத்துவரிடம் போகிறவர் முதல் ஊசியைப் பற்றிச் சொல்ல மறந்தாலும் அந்த நோட்டு சொல்லிவிடும்.